தோவாளைக் கிணற்றில் நான் கண்டுபிடித்த தாமிரம்

தண்ணீர் சோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, ஐம்பத்தைந்து வயது ஆகிவிட்டது என்ற ஒரே குற்றத்துக்காகப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் எழுதுகிறேன். என் தலையில் முக்கால்வாசி முடி இன்னும் கருப்பு. பல் எல்லாம் என்னுடையது. ஆனாலும் மாலை போட்டு, ஒரு கடிகாரத்தைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். அந்த விழாவில் உங்களில் ஒருவர் எழுந்து, "வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ஒரு தப்பான முடிவுகூடச் சொல்லாதவர்" என்று என்னைப் பற்றிப் பேசினார். நானும் தலையைக் குனிந்து, பணிவாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். முன்வரிசையில் எஸ்தர் அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நீங்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். அழவில்லை.

விழா முடிந்ததும் என் காதருகே வந்து சொன்னாள்: "தம்பி, அந்தப் பிள்ளையளுக்கு உள்ளதச் சொல்லிட்டுப் போ. இல்லேன்னா நான் சொல்லீருவேன்."

அவள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இருந்த காலம். நாகர்கோவிலில் ஓர் ஓட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறைதான் சோதனைக் கூடம். நான், எஸ்தர் அக்கா, அட்டெண்டர் தாணு அண்ணன் ஆக மூன்று பேர். எஸ்தர் அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். உத்தியோகத்தில் இரண்டு பேரும் ஒரே படி. நெய்யூர்ப் பக்கத்துக்காரி. அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் சோதனை அறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். யாரையும் நம்புவாள், எந்தப் பாத்திரத்தையும் நம்பமாட்டாள். கழுவி வைத்த சோதனைக் குழாயை மறுபடி கழுவுவாள். நான் அதற்கு நேர் எதிர். பாத்திரத்தை முழுசாக நம்புவேன். மனுஷனைத்தான் சந்தேகப்படுவேன். என் சைக்கிளில் காற்று இறங்கியிருந்தால் ஆணி குத்தியிருக்கும் என்று தோன்றாது. எவன் குத்தினான் என்றுதான் தோன்றும்.

தண்ணீரில் தாமிரம் பார்ப்பதற்கு இப்போது உங்களிடம் மிஷின் இருக்கிறது. எங்களிடம் கண் இருந்தது. மருந்தை விட்டால், துளி தாமிரம் இருந்தாலும் தண்ணீர் தங்க மஞ்சளாக மாறும். பக்கத்தில் அளவு தெரிந்த குழாய்களை வரிசையாக நிறுத்தி, எதன் மஞ்சளோடு ஒத்துப்போகிறது என்று வெளிச்சத்தில் பார்ப்போம். கூடவே ஒரு பிளாங்க். அதாவது, மாதிரித் தண்ணீர் சேர்க்காமல், நாம் வாலையில் காய்ச்சி வடிக்கும் வடிநீரில் மட்டும் அதே மருந்துகளை விட்டு வைப்பது. அது நிறமில்லாமல் நின்றால்தான் மற்றதெல்லாம் நம்பலாம். உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கும் தெரிந்ததுதான். அதில்தான் கதையே இருக்கிறது.

அந்த வாரம் புதன்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகக் கடிதம். எஸ்தர் அக்கா சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு லீவு. திங்களும் செவ்வாயும் நான்தான் ராஜா. ராஜா உத்தரவு போட்டார்: சன்னல் கம்பி, அலமாரி, மேஜைக் கால், வாலை, வாசல் மணி எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். தாணு அண்ணன் துடைத்தார், தேய்த்தார், கழுவினார். செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளே நுழைந்தபோது ஏதோ கல்யாண வீட்டுக்குள் வந்ததுபோல இருந்தது.

பத்து மணிக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். வடக்கே கோட்டயம் பக்கத்து ஆள். கையில் அரக்கு வைத்து மூடிய ஒரு மருந்துக் குப்பி. அதில் பாதிக்கும் கொஞ்சம் மேலே தண்ணீர்.

"தோவாளையில ஒரு கிணத்து வெள்ளமாணு, சாரே. மூணு பிள்ளைகள் சர்த்திச்சு கிடக்குணு. விஷம் உண்டோ இல்லியோ, அது மட்டும் சொன்னா மதி."

விஷயம் இதுதான். பொன்னுமணி என்று ஒருவர். பிச்சிப்பூத் தோட்டம் வைத்திருப்பவர். கிணறு அவருடையது. பக்கத்துத் தோட்டத்துப் பூதலிங்கத்துக்கும் அதில் இறைக்கப் பாத்தியதை உண்டு. யார் எத்தனை நாழிகை இறைப்பது என்பதில் இரண்டு பேருக்கும் ரொம்ப நாளாகத் தகராறு. ஞாயிற்றுக்கிழமை அது கைகலப்பு வரை போயிருக்கிறது. "இந்தக் கிணத்து வெள்ளம் இனி உனக்கு ஒட்டாதுலே" என்று பொன்னுமணி நாலு பேர் கேட்கக் கத்தியிருக்கிறார். மறுநாள் பூதலிங்கத்தின் இரண்டு பிள்ளைகளும், அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்றும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டன. பொன்னுமணி செடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிக்கிறவர். மயில்துத்தம் என்றால் தாமிரம். ஊர் கணக்குப் போட்டுவிட்டது.

நானும் போட்டுவிட்டேன். குப்பியைத் திறக்கும் முன்பே எனக்கு அந்தப் பொன்னுமணியின் முகம் தெரிந்தது. குள்ளமாக, முறுக்கு மீசையோடு, பார்வையைத் தாழ்த்தி நிற்கிற முகம். (பிறகு பார்த்தேன். நல்ல உயரம். மீசையே கிடையாது.)

குப்பியில் தண்ணீர் போதவில்லை. கொஞ்சம் எடுத்து, நம் வடிநீரை ஊற்றிக் கோடு வரை நிரப்பினேன். அதில் தப்பில்லை; அப்படிச் செய்வதுண்டு. தப்பு அடுத்தது. புதிதாக பிளாங்க் வைக்க வேண்டும். அதற்கு இன்னும் அரை மணி நேரம் ஆகும். இன்ஸ்பெக்டர் முக்காலியில் உட்கார்ந்து, லத்தியால் என் மேஜைக் காலை டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்கு ஒரு முடி நரைத்தது. குழாய்த் தாங்கியில் போன வாரத்து பிளாங்க் நிறமில்லாமல், நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தது. 'தண்ணீருக்கு என்ன போன வாரம், இந்த வாரம்' என்று மனம் சொன்னது.

மருந்தை விட்டேன். நிமிஷத்தில் தங்க மஞ்சள்.

வடிநீர் சேர்த்ததற்குப் பெருக்கிப் பார்த்தேன். பெருக்கப் பெருக்க விஷம் வளர்ந்தது.

"எந்தா சாரே? உண்டோ?"

அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, திருவனந்தபுரம் வழியாகப் போய்ச் சேரும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது முறை. ஒரு போலீஸ் அதிகாரி எழுந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடகத்தில் கடைசிக் காட்சியில் பேசுகிறவன்போலச் சொன்னேன்: "இருக்கு. நிறையவே இருக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் பொன்னுமணியைப் பிடித்து லாக்கப்பில் வைத்துவிட்டார்கள்.

பிள்ளைகளைப் பார்த்த டாக்டர் முதலிலேயே வேறு ஒன்று சொல்லியிருக்கிறார். தோட்டத்து வேலியில் காட்டாமணக்கு நிற்கிறது, அதன் விதையைத் தின்றால் பிள்ளைகள் இப்படித்தான் வாந்தி எடுக்கும், கேட்டுப் பாருங்கள் என்று. அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் 'சர்க்கார் சோதனையில் துத்தம் கண்டாச்சு' என்று செய்தி வந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதை யார் கேட்பார்கள்? அவரிடம் இருந்தது வெறும் படிப்பு. என்னிடம் இருந்தது மஞ்சள் நிறம்.

நான் வடசேரியில் குடியிருந்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன், கொலைகாரனைக் கண்டுபிடித்த கதையை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்வி கேட்டாள்: "ஊருக்க கிணத்த எல்லாம் பாக்கியளே, நம்ம கிணத்த ஒருநாளாவது பாத்தியளா?"

புதன்கிழமை காலை வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குப்பி எடுத்துப்போனேன். அதிகாரி மத்தியானம்தான் வருவார். சும்மா, விளையாட்டுக்குத்தான் பார்த்தேன்.

தங்க மஞ்சள்.

தம்பிமாரே, அறிவியல் படித்தவன் அந்த இடத்தில் என்ன நினைத்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது நான் நினைத்தது எங்கள் பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டரை. அவர் முருங்கைக் கிளை எங்கள் மதிலுக்கு மேலே வந்ததை நான் வெட்டியிருந்தேன். மூன்று நாளைக்கு முன்னால் என்னைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தார். காரணமில்லாமல் ஒருவன் எதற்குச் சிரிக்கிறான்? கிணற்றில் துத்தத்தைப் போட்டுவிட்டுத்தானே!

நாக்கில் செம்புச் சுவை தட்டியது. வியர்த்தது. வயிறு இழுத்தது. மூன்று நாளாக எத்தனை செம்பு தண்ணீர் குடித்தேன் என்று கணக்குப் போட்டேன். உயிரோடு இருக்க வாய்ப்பே இல்லை. பின்பக்க வேப்பமரத்தடியில் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். தாணு அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், மசக்கையா?"

"அண்ணே, எனக்கு விஷம் வச்சிட்டானுவ. ஓடிப்போய் வீட்டுல சொல்லுங்க, கிணத்துத் தண்ணியத் தொடாண்டாம்னு."

அவர் வடசேரிக்குப் போய்த் திரும்பி வந்து, என் மனைவி சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "அஞ்சு குடம் கோரியாச்சு. சோறு வெந்தாச்சு. நானும் தின்னாச்சு. சாகுததுக்கு முன்ன வந்து ஒரு வாய் தின்னிட்டுப் போகச் சொல்லுங்க."

எஸ்தர் அக்கா கல்யாணம் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தாள். தலையில் பூ, கையில் எங்களுக்காக ஒரு பொட்டலம் முறுக்கு. ஈரத் தலையோடு, வெளுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்து கிடந்த என்னைப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொன்னுமணியிலிருந்து டிரில் மாஸ்டர் வரை. அவள் முறுக்கை மேஜையில் வைத்தாள். வீட்டுக் கிணற்று நீர் இருந்த குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடுத்த அறைக்குப் போய், பெயர் எழுதாத ஒரு குப்பியோடு வந்தாள்.

"இதயும் ஒண்ணு பாரு தம்பி."

"ஆருக்க கிணறு?"

"பாரு. பொறவு சொல்லுகேன்."

பார்த்தேன். தோவாளையும் வடசேரியும் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு மஞ்சள்.

"யக்கா! இவன் பெரிய கொலைகாரனாட்டு இருக்கானே! ஆரு இவன்?"

"நம்ம வாலைதான். காலம்பற வடிச்ச வடிநீர்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். வாலை என்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து வடிநீராக்குகிற பாத்திரம். எங்களுடையது செம்பில் செய்து, உள்ளே ஈயம் பூசியது. வருஷக்கணக்காகக் கறுத்து, மங்கி, பார்க்கவே அழுமூஞ்சியாக இருக்கும். அந்த ஈயப் பூச்சுதான் அதற்கு உயிர். அது இருக்கிறவரை செம்பு தண்ணீரைத் தொடாது.

இப்போது வாலை, உள்ளும் புறமும், பொங்கலுக்கு விளக்கி வைத்த பானைபோலச் செக்கச்செவேல் என்று மின்னியது.

"தாணு அண்ணே," என்றாள் எஸ்தர் அக்கா மெதுவாக, "இத எதக் கொண்டு விளக்கினீய?"

"புளியும் சாம்பலும்தான் பிள்ளே. உள்ள ஒரு வெள்ளப் பாசாணம் மாதிரி அப்பியிருந்து. லேசில போகல்ல. தேங்காத் தும்ப வச்சு நாளு முழுக்க தேய்ச்சேன். அந்த நீளக் குழலுக்குள்ளயும் துணியக் கட்டி இழுத்தேன். சார்தான் பொங்கலுக்கு விளக்குகது மாதிரி விளக்கச் சொன்னாரு."

சார்தான் சொன்னார். அதுமட்டுமா? திங்கள்கிழமை அந்தச் சிவப்பில் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டவரும் சார்தான். நம் ஊரில் செம்புப் பாத்திரம் மங்கலாக இருந்தால் வீட்டுக்காரிக்கு மானம் போகும். தாணு அண்ணன் அந்த மானத்தோடுதான் தேய்த்தார். ஈயத்தைச் சுரண்டி எடுத்து, புளியால் செம்பைத் திறந்துவிட்டு, அதில் வடித்த தண்ணீரில்தான் நான் மருந்து கரைத்தேன், கிணற்று நீரில் கலந்தேன். போன வாரத்து பிளாங்க் பழைய வாலையில் வடித்தது. அது நிறமில்லாமல் நிற்காமல் வேறென்ன செய்யும்?

விஷம் கலந்தவன் நான். டிரில் மாஸ்டர் சிரித்தது, ஒருவேளை, வெறும் சிரிப்பாகவே இருந்திருக்கலாம்.

ஒரு நொடி நிம்மதியில் எனக்குச் சிரிப்பு வந்தது. சாகமாட்டேன் அல்லவா! எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை.

"ஏலே, நீ பொழச்சுகிட்ட. தோவாளக்காரன் லாக்கப்புல இருக்கான்."

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. பெரிய அதிகாரி. கோட்டு, தொப்பி, பின்னால் ஒரு குமாஸ்தா. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், வாலைக்கு முன்னால் நின்றுவிட்டார். "பேஷ்! இதுவரை நான் பார்த்த எந்த லேபிலும் இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கவில்லை" என்றார். குமாஸ்தா அதைப் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எனக்குக் காது சூடாகியது. வாயை மூடிக்கொண்டு அந்தப் பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். பத்து நிமிஷம் அப்படித்தான் நின்றேன், உங்களிடம் எதற்கு மறைக்க? எஸ்தர் அக்கா இருமினாள். மறுபடி இருமினாள். மூன்றாவது தடவை என் காலை மிதித்தாள்.

சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. கோபப்படவும் இல்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: "கையெழுத்துப் போட்டு எதுவும் போகவில்லையே? அப்படியென்றால் தப்பே நடக்கவில்லை. வாலைக்கு ஈயம் பூசுங்கள். அடுத்த வாரம் நிதானமாகச் சோதித்து, இல்லை என்று எழுதி அனுப்புங்கள். வாயால் சொன்னது ஃபைலில் வராது."

நீங்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த மாதிரி வாசல் ஒன்றை யாராவது உங்களுக்கும் திறந்து காட்டுவார்கள். அகலமான, நிழலான வாசல். நான் அதற்குள் ஒரு காலை வைத்தும்விட்டேன். அடுத்த வாரம்! ஃபைல் சுத்தம்! என் பெயர் சுத்தம்! ஆனால் அந்த அடுத்த வாரம் வரை பொன்னுமணி எங்கே இருப்பார் என்பது ஃபைலில் இல்லை. நான் வாயால் சொன்னதைக் கேட்டுத்தான் அவரைப் பிடித்தார்கள்.

"நான் வாயாலேயே போய் வாபஸ் வாங்கிட்டு வந்திடுகேன் சார்" என்றேன். வீரமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். குரல் பூனைபோல வந்தது.

"உம்ம இஷ்டம்" என்று அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மத்தியான பஸ்ஸிலேயே எஸ்தர் அக்கா நெய்யூருக்குப் போனாள். பழைய ஆஸ்பத்திரியில் கண்ணாடி வாலையில் வடித்த நீர் இருக்கும். பெரிய குப்பி ஒன்றை மடியில் பிள்ளைபோல வைத்துக்கொண்டு சாயங்காலம் திரும்பினாள். வியாழக்கிழமை விடிந்ததும் வேலையைத் தொடங்கினோம். மருந்தெல்லாம் புதிதாக அந்த நீரில் கரைத்தோம். இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த குப்பியில் மிச்சம் இருந்தது ஓர் உள்ளங்கைத் தண்ணீர். ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும். சிந்தினால் போச்சு. குப்பியை என் கையிலிருந்து வாங்கி அவளே ஊற்றினாள். முதலில் பிளாங்க். நிறமில்லை. அடுத்து தோவாளை.

இரண்டு குழாயையும் ஜன்னலில் பிடித்து எவ்வளவு நேரம் பார்த்தோமோ! எது பிளாங்க், எது கிணறு என்று சொல்ல முடியவில்லை.

"இல்லியே யக்கா?"

"இல்ல."

"வேற ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"இப்பம்தான் உனக்குச் சந்தேகப்படத் தெரியுது. போ, ஸ்டேஷனுக்குப் போ."

நடந்தது என்ன, தப்பு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை நெறயே இருக்குன்னு சொல்லி. வியாழாழ்ச்ச இல்லான்னு சொல்லுணு. இதுக்கு எடையில எத்தற முழம் பிச்சிப்பூ வந்நு சாரே உங்க வீட்டில?"

வாலையைப் பற்றி, ஈயத்தைப் பற்றி, புளியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் பொய் சொல்கிறேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. யாராவது என்னிடம் வந்து இப்படி ஒரு கதை சொன்னால் நான் நம்பியிருக்கமாட்டேன். கடைசியில் அவர் டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்தார். டாக்டர் ஏற்கெனவே சொன்னதையே சொன்னார்; பிள்ளைகள் தேறி வருவதாகவும் சொன்னார். "சரி, ஆளை விடலாம். பக்ஷே ஊரில போய் நீங்கதன்னே சொல்லணும். நான் சொன்னா பூ வாங்கினது நான்னு சொல்லும்."

பொன்னுமணியும், நானும், ஒரு கான்ஸ்டபிளும் பஸ்ஸில் தோவாளைக்குப் போனோம். வழியில் நான் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவையும் அவர் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக்குள் போனதும்தான் நான் செய்தது என்ன என்று கண்ணால் பார்த்தேன். பிச்சியை மொட்டாகப் பறிக்க வேண்டும். இரண்டு நாளாகப் பறிக்க ஆளில்லை. அவர் மனைவி தனியாளாகப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோனதையும் 'விஷத்தோட்டத்துப் பூ' என்று யாரும் தொடவில்லை. கொடி முழுக்க விரிந்து, பழுத்து, கீழே தரை தெரியாமல் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. வாசனை முகத்தில் அறைந்தது.

கிணற்றடியில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மேலதிகாரிகள், வாலை, கவனக்குறைவு என்று ஏதோ. பூதலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாரே, எங்களுக்கு உம்ம வாலையும் அறியாது, தலையும் அறியாது. முந்தாநேத்து விஷம்னு சொன்னதும் நீரு, இன்னைக்கு இல்லேன்னு சொல்லுகதும் நீரு. இதுல எத நாங்க நம்ப? வெள்ளம் நல்ல வெள்ளம்னா இந்தா, குடியும்."

தோண்டியை இறக்கி, நீர் கோரி, என் முன்னால் வைத்தார்.

இரண்டு கையையும் குவித்தேன். அவர் ஊற்றினார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. காலையில் என் கண்ணால் பார்த்த முடிவு, என் கையெழுத்து, பிரதி சட்டைப்பையில் இருக்கிறது. இருந்தாலும் கை வாய்க்குப் போகவில்லை. ஒருவேளை அந்த உள்ளங்கைத் தண்ணீரில் ஏதாவது தப்பு நடந்திருந்தால்? காட்டாமணக்கு என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையே? குடிக்காத தண்ணீரில் எனக்குச் செம்புச் சுவை தட்டியது. விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

அப்போதுதான் பொன்னுமணி முதல் தடவையாகப் பேசினார். கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்:

"சாரே, என்னயப் பிடிக்கணும்னு சொன்னப்பம் இவ்வளவு யோசிச்சியளா?"

குடித்தேன். கையில் மிச்சமிருந்ததைக் குடித்தேன். மறுபடி கையை நீட்டிக் குடித்தேன். மூன்றாவது தடவை தோண்டியையே பிடுங்கி, சட்டையெல்லாம் நனைய அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. பூதலிங்கம் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார், எப்போது விழுவேன் என்று. கால் மணி நேரம் ஆகியும் விழாததால் கூட்டம் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்தது. பூதலிங்கமும் போய்விட்டார். ஆனால் போகிறபோது ஒரு தோண்டித் தண்ணீர் கோரித் தன் வாய்க்காலில் விட்டுவிட்டுத்தான் போனார்.

புதிதாகச் சேர்ந்தவர்களே, உங்களுக்கு நான் விட்டுப்போக இருப்பது இவ்வளவுதான். மஞ்சளைப் பார்த்ததும் சந்தேகப்படுங்கள். ஆனால் உங்கள் குப்பியிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து உங்கள் வடிநீர், உங்கள் கை, உங்கள் அவசரம் என்று போய், கடைசியாக வேண்டுமானால் ஊரில் ஒருவனிடம் போங்கள். அவசரப்படுத்துகிறவர் லத்தியால் தட்டினால் தட்டட்டும். மேஜைக் கால்தானே. அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன், 'இதை எழுதிவிட்டு அந்தக் கிணற்றடிக்குப் போய் நிற்க முடியுமா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன்னால் பயத்தில் இன்னொரு பிளாங்க் வைத்துப் பார்த்தேன். விழாவில் பேசியவர் அதைத்தான் திறமை என்று நினைத்துவிட்டார்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு, நனைந்த சட்டையோடு பொன்னுமணியிடம் போனேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. "அண்ணாச்சி, இந்தக் கிணத்துத் தண்ணி ரொம்ப நல்ல தண்ணின்னு, லேபு முத்திரை வச்சு ஒரு தாள் எழுதித் தாறேன். சந்தையில காட்டலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ" என்றேன்.

அவர் குனிந்து, தரையில் கிடந்த பூவை இரண்டு கையாலும் அள்ளி உரக்குழியில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வேண்டாம் சாரே. எனக்க கிணத்தப் பத்தி இனி நல்லதாட்டுகூட ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றார்.